கை நனைக்காமல் போன மாமன்

சென்ற வாரம் பச்சியப்பனை வெயிலில் வாசலிலேயே நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். பாவம் மனுஷன். முதலில் அவரை உள்ளே கூப்பிடுவோம்.

நடுவில் வந்து சேர்ந்துகொண்டவர்களுக்காகக் கொஞ்சம். காரிமங்கலம் ராணியம்மாளின் மகன் மாதேஷ் அமெரிக்காவில், மிச்சிகன் பக்கம், கார் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். அங்கே பழகிய ஹனானைக் கல்யாணம் செய்துகொண்டான். ஹனான் ஜோர்டான் நாட்டில் இர்பித் என்ற ஊரில் பிறந்து, குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபோனவள். அரபுக்காரி. மாமியாரோடு பேசும் அளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டாள். கல்யாணச் சேதி தெரிந்த அன்றைக்கே ராணியம்மாளின் தம்பி பச்சியப்பன், "இனிமே உன் வூட்டுப் படி ஏற மாட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு இண்டூருக்கு பஸ் ஏறிவிட்டார். அவருக்கு இரண்டு கோபம். ஒன்று, சவுதியில் டிரைவராக இருந்து அவர் பட்ட பாடு. இன்னொன்று, அவர் மகள் அன்பரசி. மாதேஷுக்கு முறைப்பெண். அவனுக்குத்தான் அவள் என்று அவர் நினைத்திருந்தார். அன்பரசி விஷயம் ஹனானுக்கு இன்னும் தெரியாது. நமக்குத் தெரியும், ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்போம்.

நாளைக்கு மாதேஷின் தங்கை யுவராணிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு கிருஷ்ணகிரி. "தாய்மாமன் தட்டு எடுத்துக் குடுக்காம எப்படிங்க? சொந்த மாமனே ஒதுக்கி வெச்ச வூட்ல பொண்ணு எடுத்தாங்கன்னு எங்களை நாலு பேரு பேச மாட்டாங்களா? மாமன் வரலன்னா நிச்சயத்தைத் தள்ளி வெச்சுக்கலாம்ங்க" என்று மாப்பிள்ளையின் அப்பா போனிலேயே சொல்லிவிட்டார். தள்ளி வைப்பது என்றால் என்ன அர்த்தம் என்று ராணியம்மாளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட மாமன்தான் இன்று காலை, ஒரு போன்கூடப் பண்ணாமல், கையில் எவர்சில்வர் தூக்கோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்.

வீட்டில் ஹனான் மட்டும்தான் இருந்தாள்.

*

ராணியம்மாள் நாளைய சமையலுக்குக் காய் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். யுவராணி ஜாக்கெட் வாங்க டெய்லர் கடையில். மாதேஷ் மண்டபத்தில் நாற்காலிக்காரனோடு வாய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

ஹனான் அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். ஹாலில் மாட்டியிருந்த பழைய குடும்ப போட்டோவில் மாமியார் பக்கத்தில் மீசையோடு நிற்பவர் இவர்தான்.

"வாங்க. உக்காருங்க."

"அக்கா இல்லையா?"

"சந்தைக்குப் போயிருக்காங்க. வருவாங்க."

பச்சியப்பன் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தூக்கை டீப்பாய் மேல் வைத்தார். "உங்க... எங்க வூட்டுக்காரி முறுக்கு சுட்டுக் குடுத்துவிட்டா" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஹனான் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தட்டில் நான்கு இட்லியும் குருமாவும் போட்டு எடுத்துவந்தாள். தலையில் போட்டிருந்த துணியை ஒருமுறை சரி செய்துகொண்டாள்.

"சாப்பிடுங்க."

"வேணாம்மா. இப்பதான் சாப்பிட்டு வந்தேன்."

"சரிங்க" என்றாள் ஹனான். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஐயையோ என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. அவளுக்குக் கேட்கவில்லையே.

திரும்பி வந்து, "காபி போடட்டுமாங்க?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்."

"சரிங்க."

அதற்கப்புறம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பேன் சுற்றியது. பச்சியப்பன் சமையலறைக் கதவை ஒருமுறை பார்த்தார். இரண்டாவது முறையும் பார்த்தார். கதவிலிருந்து எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்தார்.

"அப்ப நான் வரேன்."

"சரிங்க. வந்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்று ஹனான் வாசல்வரை வந்து கையசைத்தாள். அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. வீட்டிலேயே பெரிய கோபக்காரர் தன்னோடு ஒரு வார்த்தைகூடச் சண்டை போடாமல் உட்கார்ந்து போயிருக்கிறார். மாதேஷிடம் சொல்ல வேண்டும் என்று அவசரமாகப் போனைத் தேடினாள்.

*

பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் தெருமுனையிலேயே சேதி சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. ராணியம்மாள் இரண்டு கையிலும் பைகளோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"எங்க அவன்? எங்க எந்தம்பி?"

"போயிட்டாங்க அத்தை."

"போயிட்டானா? சாப்பிட்டானா?"

"வேணாம்னு சொன்னாங்க."

"சொல்லுவான். நீ என்னா சொன்ன?"

"சரின்னு சொன்னேன்."

தக்காளிப் பை தரையில் விழுந்து, பழங்கள் நாலாபக்கமும் உருண்டன. யாரும் பொறுக்கவில்லை.

"காபியாவது?"

ஹனான் இல்லை என்று தலையாட்டினாள். மாமியாரின் முகத்தைப் பார்க்கப் பார்க்க, ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. என்ன என்றுதான் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பச்சியப்பன் தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசினார். பின்னால் கண்டக்டர்கள் ஊர்ப் பேரைக் கூவும் சத்தம். ராணியம்மாள் பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள்.

"அக்கா, உன் மருமவ எனக்கு வெச்ச தட்டை என் கண்ணு முன்னாடியே எடுத்துட்டுப் போயிட்டா. வா உக்காரு, வேணாமா, சரி கெளம்பு. அவ்ளோதான். நான் என்னா பிச்சைக்கா வந்தேன்?"

"தம்பி, அவளுக்குத் தெரியாதுடா..."

"தெரியாதுன்னு சொல்லாத. அரபிங்களை எனக்குத் தெரியும். நாளைக்கு என்னை எதிர்பார்க்காத."

போன் நின்றுவிட்டது. மறுபடி அடித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

அப்போது பார்த்து மாதேஷ் உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டான். கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"அம்மா, பசிச்சா பசிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே? அவரு வேணாம்னாரு, இவ சரின்னா. இதுல என்னா தப்பு?"

"வா ராசா" என்றாள் ராணியம்மாள். "நீ பொறந்து வளந்தது இந்த வூட்லதானா, இல்ல உன்னையும் அமெரிக்காவுலதான் பெத்துப் போட்டேனா? ரெண்டு வருசமா என் வூட்ல பச்சத்தண்ணி குடிக்காதவன். இன்னிக்கு வந்தான்னா கை நனைக்க வந்திருக்கான்டா. வேணும்னே வெறும் வயித்தோட வந்திருப்பான். வந்த உடனே, 'போடு, திங்கறேன்'னா சொல்லுவான்? அவனுக்கு ஒரு மானம் இல்ல? ரெண்டு தரம் வேணாம்பான், மூணாந்தரம் கையப் புடிச்சு உக்கார வெச்சா சாப்பிடுவான். அதுக்குத்தானே மனுசன் மனுசனை வற்புறுத்தறது!"

சொல்லிக்கொண்டே வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தாள். திரும்ப வாசலுக்கு நடந்தாள். யுவராணி டெய்லர் கடைப் பையோடு வந்து நின்று, அம்மாவின் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, ஜாக்கெட்டைப் பிரிக்காமலே கட்டில்மேல் போட்டாள்.

ஹனான் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மாமியார் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த வார்த்தைதான். இர்பித்தில் அவள் அம்மாவும் இதைத்தானே செய்வாள்? வந்தவர் வேணாம் என்பார், அம்மா ஆண்டவன்மேல் ஆணையிட்டுத் தட்டை அவர் மடியில் வைக்காத குறையாக வைப்பாள். ஒரே தடவை கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துப் போகிறவளை அந்த ஊரில் பெண் என்றே சொல்ல மாட்டார்கள்.

*

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர்கள் இருவரும் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வார்கள். நமக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"மிச்சிகனுக்குப் போன புதுசுல பக்கத்து வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டாங்கன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"கேக் கதைதானே?"

"அது கதை இல்லை."

கதை இல்லைதான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த நாள். அந்த அம்மா நல்ல மனுஷி. காபியும் கேக்கும் எடுத்து வைத்து, சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். ஹனான் காலையிலிருந்து சாப்பிடவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த தடவைக்காகக் காத்திருந்தாள். அந்த அம்மா சரி என்று சிரித்துக்கொண்டே கேக்கைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். ஹனான் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே வெறும் ரொட்டியைத் தின்றாள். தின்றுகொண்டே அழுதாள். அவமானமாக இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். முதல் தடவை கேட்கும்போதே வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் யார் வீட்டுக்கும் போகக்கூடாது. ஒருநாள் வீட்டுக்கு வா என்றால் வா என்று அர்த்தமில்லை. எப்படி இருக்கிறாய் என்றால் எப்படி இருக்கிறோம் என்று சொல்லக்கூடாது. அண்டை வீட்டுக்கு அம்மா அனுப்பிய பலகாரத் தட்டு கழுவித் துடைத்து வெறுமனே திரும்பி வந்தால் முகம் வாடக்கூடாது. அவள் அம்மா கடைசிவரை இதைக் கற்றுக்கொள்ளவில்லை. ஹனான் கற்றுக்கொண்டாள். அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு.

"எனக்குச் செஞ்சதை நான் அவருக்குச் செஞ்சுட்டேன்" என்றாள். "பசியோட அனுப்பிட்டேன்."

மாதேஷ் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கெட்டவன் இல்லை, கொஞ்சம் லேட்டாகப் புரிந்துகொள்கிறவன்.

"நான் சேர்ந்த புதுசுல, ஆபீஸ் கேன்டீன்ல நீ கொண்டுவந்த சாப்பாட்டை என்கிட்ட நீட்டின. நான் வேணாம்னேன். நீ மறுபடியும் நீட்டின. அந்த நாட்டுல என்கிட்ட ரெண்டாவது தடவை கேட்ட மொத ஆளு நீதான் ஹனான். அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன்."

"அந்தப் பொண்ணு எங்க போனா மாதேஷ்?" என்றாள் ஹனான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

*

டீப்பாய் மேல் தூக்கு அப்படியே இருந்தது.

ஹனான் அதைத் திறந்து முறுக்கை வேறு டப்பாவில் கொட்டினாள். தூக்கைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தை, இதை நான் கொண்டுபோய்க் குடுக்கறேன். வெறும் பாத்திரம் எங்க ஊர்ல குடுக்க மாட்டோம்" என்றாள்.

ராணியம்மாள் நடப்பதை நிறுத்தினாள். "இங்கயும்தான் குடுக்க மாட்டோம்" என்றாள். குரலில் இன்னும் சூடு இருந்தது. ஆனாலும் அரிசி மாவு டப்பாவை எடுத்துக் கீழே வைத்தாள். "கச்சாயம் சுடுவோம். அவனுக்கு உசுரு."

ராணியம்மாள் வெல்லப்பாகில் மாவைப் பிசைந்து தட்டித் தட்டிக் கொடுக்க, ஹனான் எண்ணெயில் போட்டு எடுத்தாள். முதல் இரண்டு கருகிப்போயின. மாமியார் ஒன்றும் சொல்லாமல் அதை ஓரமாக ஒதுக்கினாள்.

"அத்தை, கை நனைக்கறதுன்னா என்னா?"

"ஒரு வூட்ல சாப்பிட்டா அந்த வூட்டு ஒறவை ஏத்துக்கிட்டேன்னு அர்த்தம். பொண்ணு கேட்டுப் போறவங்க, முடிவு சொல்ற வரைக்கும் அந்த வூட்ல எதையும் தொட மாட்டாங்க."

ஹனான் ஜல்லிக் கரண்டியை எண்ணெய்க்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்க ஊர்லயும் உண்டு. ஏதாவது கேக்க வந்தா, காபி குடுப்பாங்க. குடிக்க மாட்டோம். முன்னாடி வெச்சுடுவோம். வூட்டுக்காரர் சரின்னு சொன்னாத்தான் குடிப்போம்."

"சரின்னு சொல்லலன்னா?"

"அப்படியே எந்திரிச்சுப் போயிடுவோம். அது ரெண்டு பேருக்கும் அசிங்கம்."

"தீயுது பாரு, எடு" என்றாள் ராணியம்மாள்.

யார் போவது என்பதில் அடுத்த சண்டை. மாதேஷ் போனால் மாமன் கதவையே திறக்க மாட்டார். ராணியம்மாள் நகர முடியாது, சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் புடவை காட்ட வருகிறார்கள். மாமன் வருகிறாரா என்று கேட்பார்கள்.

"நான் அண்ணிகூடப் போறேன்" என்றாள் யுவராணி.

"நிச்சயத்துக்கு மொத நாள் பொண்ணு ரோட்ல சுத்தறதா?"

"நிச்சயமே நடக்கலன்னா நான் என்னா பொண்ணும்மா? அண்ணி, வாங்க."

*

தர்மபுரி போய் பஸ் மாறினார்கள். பென்னாகரம் பஸ்ஸில் கூட்டம். ஹனான் தூக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்த அம்மா ஒருத்தி, எந்த ஊரு, வூட்டுக்காரர் என்ன வேலை, கல்யாணம் ஆகி எத்தனை வருஷம், ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று வரிசையாகக் கேட்டாள். யுவராணிக்கு எரிச்சல் வந்தது. ஹனான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். இப்படி அவளைக் கேள்வி கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது.

அந்த அம்மா இறங்கியதும் யுவராணி சொன்னாள்: "அண்ணி, அவரை மாமான்னு கூப்பிட்டுடாதீங்க. எனக்குத்தான் மாமா. உங்களுக்கு அவரு சித்தப்பா முறை. அப்பாவோட தம்பி மாதிரி."

"சித்தப்பா" என்று ஹனான் சொல்லிப் பார்த்தாள். "அவருக்கு ஏன் அரபிங்கன்னா கோவம்?"

"சவுதியில இருக்கறப்ப அவங்கம்மா, எங்க பாட்டி, செத்துட்டாங்க. மொதலாளி பாஸ்போர்ட்டைக் குடுக்கல, அனுப்பல. இங்க எல்லாம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சுத்தான் வந்தாரு."

ஹனான் அதற்கப்புறம் இண்டூர் வரும்வரை தூக்கின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

*

பச்சியப்பனின் மனைவி சாலம்மாள் வாசலிலேயே பார்த்துவிட்டாள். "யுவா! வாடி கண்ணு. வாம்மா நீயும்" என்று இருவரையும் உள்ளே இழுத்தாள். பச்சியப்பன் பனியனோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

"எதுக்கு வந்தீங்க?" யுவராணியிடம்தான் கேட்டார்.

"தூக்கு குடுக்க மாமா."

"வெச்சுட்டுப் போங்க."

"நல்லா இருக்குதே நீங்க பேசறது" என்றாள் சாலம்மாள். "காலையில இருந்து இப்படித்தான்டி. சாப்பிடுன்னா சாப்பிடல, ஏன்னு கேட்டா சொல்லல." உள்ளே போய்க் காபி கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள்.

ஹனான் டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தாள். எடுத்துத் தன் முன்னால், பச்சியப்பன் கண்ணில் படும் இடமாகப் பார்த்து வைத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"குடிம்மா, ஆறிடும்."

"அப்புறம் குடிக்கறேன் சித்தி."

சித்தி என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் பச்சியப்பன் டிவியிலிருந்து திரும்பினார்.

"சித்தப்பா" என்றாள் ஹனான். தமிழ் பாதி வழியில் கைவிட்டுவிடுமோ என்று பயம். "நான் தப்பு பண்ணிட்டேன். அமெரிக்காவுல ஒரு தடவைதான் கேப்பாங்க. நான் போன புதுசுல, அங்க ஒரு வூட்ல வேணாம்னு சொன்னேன். அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. பசி. வூட்டுக்குப் போய் அழுதேன். அப்புறம் நானே அவங்க மாதிரி ஆயிட்டேன். உங்களைப் பசியோட அனுப்பிட்டேன்."

பச்சியப்பன் மறுபடி டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேரம் கரண்ட் போனது. டிவி நின்று, வீடு திடீரென்று அமைதியானது. இப்போது சத்தத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள அவருக்கு வழியில்லை.

"எனக்கும் ஒருத்தன் சொல்லித் தரல" என்றார் கடைசியில். "போன மொத நாளு, பெரிய ஹாலு, எல்லாரும் உக்காந்திருக்காங்க. சின்னக் கப்புல காபி ஊத்தறான். குடிச்சா மறுபடி ஊத்தறான். வேணாம்னு சொன்னா மரியாதை இல்லன்னு நெனச்சு நானும் குடிக்கறேன், குடிக்கறேன், அவன் ஊத்திக்கிட்டே இருக்கான். வயிறு எரிஞ்சுபோச்சு."

"போதும்னா கப்பை ஆட்டணும் சித்தப்பா" என்றாள் ஹனான்.

"ஆமா, ஆட்டணும்! அது எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள்தான் ஒரு மலையாளத்தான் சொன்னான்."

யுவராணிக்குச் சிரிப்பு வந்தது. ஹனானுக்கும் வந்தது. பச்சியப்பனின் மீசையும் லேசாக அசைந்தது, உடனே நின்றுவிட்டது.

"ஆனா எங்கம்மாவுக்கு நான் கொள்ளி வெக்கல. அதை நான் மறக்க மாட்டேன்."

"மறக்க வேணாம் சித்தப்பா. நான் மறக்கச் சொல்லி வரல."

அவர் அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். பிறகு டம்ளரைப் பார்த்தார். காபிமேல் ஆடை கட்டியிருந்தது.

"அதை ஏன் தொடாம வெச்சிருக்க?"

"உங்களுக்குத் தெரியும் சித்தப்பா."

தெரியும்தான். அந்தப் பெரிய ஹாலின் கதவோரத்தில் கார் சாவியோடு நின்று அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். பஞ்சாயத்துக்கு, பெண் கேட்க, மன்னிப்புக் கேட்க வந்த பெரிய மனிதர்கள், கப்பைத் தரையில் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கப் ஆற ஆற ஹாலில் யாருக்கும் மூச்சே வராது. அவ்வளவு மரியாதை அந்த ஒரு கப்புக்கு. அதை இன்று ஒரு பெண் அவர் வீட்டில், அவர் முன்னால் வைத்திருக்கிறாள். அவருக்கு யாரும் இதுவரை வைத்ததில்லை.

தெருவில் ஒரு டிராக்டர் போனது. யுவராணி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவள் கல்யாணமே அந்த ஆறிப்போன டம்ளரில்தான் இருந்தது.

"இஷ்ரப் கஹ்வா" என்றார் பச்சியப்பன்.

"என்னாங்க அது?" என்றாள் சாலம்மாள்.

"காபியைக் குடின்னு சொன்னேன்."

அவ்வளவுதான் அர்த்தம். ஆனால் இர்பித்தில் வீட்டுக்காரர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால், வந்தவர் கேட்டது கிடைத்தாயிற்று. ஹனான் டம்ளரை எடுத்து, ஆடையோடு, ஒரே மூச்சில் குடித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை.

"சாலா, சோறு போடு" என்றார் அவர். "பசி காதை அடைக்குது."

சோற்றைச் சாலம்மாள் போட்டாள். கச்சாயத்தை ஹனான் வைத்தாள். ஒன்று தின்றார். இன்னொன்று வைத்தாள்.

"போதும்மா."

இன்னொன்று வைத்தாள்.

"போதும்ங்கறேன்!"

மறுபடியும் தூக்குக்குள் கை விட்டாள். பச்சியப்பன் குனிந்து இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டார். அப்போதுதான் நிறுத்தினாள்.

*

கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே வாசல்வரை வந்தார்.

"நாளைக்கு வரேன். தட்டு எடுத்துக் குடுக்கறேன். சொன்னா சொன்னதுதான்."

யுவராணி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"ஆனா அன்பரசியையும் கூட்டிக்கிட்டு வருவேன். மாதேஷ் அவகிட்டச் சொல்ல வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு. மண்டபத்துல, நாலு பேரு முன்னாடி சொல்லணும். அவன்கிட்டச் சொல்லிடுங்க. அவனுக்குத் தெரியும்."

சாலம்மாள் சட்டென்று உள்ளே திரும்பிப் போய்விட்டாள். யுவராணி எழுந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. வெயில் தாழ்ந்து, காற்று நன்றாக அடித்தது. ராணியம்மாளுக்குப் போன் போட்டுச் சேதி சொன்னார்கள். அந்தப் பக்கம் அவள் அழுத அழுகை பாதி பஸ்ஸுக்குக் கேட்டது. அன்பரசி பேரை யுவராணி போனில் சொல்லவில்லை. அதை ஹனான் கவனித்தாள்.

"யுவா, அன்பரசி யாரு?"

"யாருமில்ல அண்ணி."

காலையில் இருந்த ஹனான் என்றால் சரிங்க என்று சொல்லிவிட்டு வெளியே வேடிக்கை பார்த்திருப்பாள்.

"யாருமில்லன்னா ஏன் வராங்க?"

"மாமா பொண்ணுதான். அவ்ளோதான் அண்ணி. வூட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்." யுவராணி போனை எடுத்து எதையோ தேடுவதுபோலத் தேடினாள். ஒன்றும் தேடவில்லை.

ஹனான் அந்தப் போனை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தன் மடியில் கவிழ்த்து வைத்தாள். சீட்டில் அவள் பக்கமாக முழுவதும் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லு யுவா" என்றாள். "அன்பரசி யாரு?"